பேக்ரவுண்டுக்கு மட்டும்

“இதை பேக்ரவுண்டுக்கு மட்டும் வச்சுக்குங்க மேடம்” என்று ஓர் அதிகாரி சொல்ல, “சரி சார்” என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள் நண்பரின் மகள். நாளிதழ் ஒன்றில் புது நிருபர். சேப்பாக்கம் பக்கம் ஒரு டீக்கடையில் பார்த்தபோது, “அப்படின்னா நான் எழுதலாமா கூடாதா, அங்கிள்?” என்று கேட்டாள். அந்த அதிகாரியிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் அவளைக் குறை சொல்வதற்கில்லை. வாஷிங்டனில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்களே இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். டீ வரும்வரை என்று சொல்ல ஆரம்பித்தது, இரண்டு டீ தாண்டிப் போனது.

பேக்ரவுண்ட் நமக்கு ஒன்றும் புதுச் சொல் இல்லை. “பையனோட பேக்ரவுண்ட் விசாரிச்சாச்சா?” என்றால் குடும்பம், வேலை, கடன், குடிப்பழக்கம் எல்லாம் அதில் அடக்கம். படம் பார்த்துவிட்டு வருகிறவர் பேக்ரவுண்ட் மியூசிக் மிரட்டல் என்பார். பின்னணி என்று தமிழாக்கியதோடு நாம் நிற்கவில்லை. ‘வாலிபர் கொலையில் திடுக்கிடும் பின்னணி’ என்று தலைப்பு வைத்தால் அங்கே பின்னணி என்பதற்குக் காரணம், கள்ளக்காதல், சொத்துத் தகராறு என்று எது வேண்டுமானாலும் பொருள். ‘பின்னணியில் யார்?’ என்றால் ஆட்டுவிக்கிற கை. இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. குழப்பம், நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது.

பத்திரிகை ஆபீசுக்குள் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. முதலாவது சாது. செய்தியின் கீழ்ப்பகுதியில் வரும் பழைய கதைக்கு பேக்ரவுண்ட் என்று பெயர். முல்லைப் பெரியாறு பற்றி இன்று நீதிமன்றம் ஏதோ சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதல் பாராவில் வரும். 1886ஆம் ஆண்டு ஒப்பந்தம், 999 வருஷக் குத்தகை, 142 அடிவரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஆகியவையெல்லாம் கடைசி இரண்டு பாராவுக்குப் போகும். ராத்திரி பத்து மணிக்கு விளம்பரம் ஒன்று வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால், டெஸ்க்கில் இருப்பவர் முதலில் கை வைப்பது இந்த பேக்ரவுண்டில்தான். விஷயம் தெரியாத வாசகருக்கு அதிகம் தேவைப்படுவது எதுவோ அதுவே முதலில் வெட்டப்படுகிறது. இது என் பழைய புலம்பல், விட்டுவிடலாம்.

இரண்டாவது வேலைதான் வில்லங்கமானது. ஒருவர் ஒரு விஷயத்தை ‘ஆன் பேக்ரவுண்ட்’ சொல்கிறார் என்றால், அந்தச் சொல் விஷயத்தைப் பற்றியதே இல்லை, பெயரைப் பற்றியது. நான் சொன்னதைப் போடலாம், நான் சொன்னேன் என்று போடாதே என்கிற நிபந்தனை. முதல் பொருளில் பேக்ரவுண்ட் பழைய செய்தி. இரண்டாவதில் அநேகமாக அன்றைய தினத்தின் சூடான செய்தியே அதுவாக இருக்கும்.

“அப்போ எழுதலாம்தானே?” என்றாள். அவசரப்படாதம்மா என்றேன்.

இந்த இரண்டாவது பொருளுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஜாதகமே உண்டு. 1920களில் அமெரிக்க அதிபராக இருந்த கால்வின் கூலிட்ஜ், நிருபர்களைச் சந்திப்பார், ஆனால் தன் வார்த்தைகளை மேற்கோள் போட்டு எழுத விடமாட்டார். அதனால் நிருபர்கள் ‘வெள்ளை மாளிகைப் பேச்சாளர் கூறினார்’ என்று எழுதினார்கள். அப்படியொரு பேச்சாளரே இல்லை. பேச்சாளர், கூலிட்ஜ்தான். நிருபர்களுக்கும் அது தெரியும், ஊர் நாட்டில் விவரமான ஆட்களுக்கும் தெரியும், பேப்பரை நம்பி வாங்கியவருக்கு மட்டும்தான் தெரியாது.

பிறகு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வந்தார். பதவியேற்ற நாலாம் நாள், 1933 மார்ச் 8 அன்று, நூற்றுக்கும் மேற்பட்ட நிருபர்களைத் தன் அலுவலக அறைக்கே கூப்பிட்டு மேஜையைச் சுற்றி நிற்கவைத்துப் பேசினார். எழுத்தில் கேள்வி கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பழைய வழக்கம் இனி வேண்டாம் என்றவர், கூடவே சட்டதிட்டத்தையும் சொன்னார். தன் வார்த்தைகளை அப்படியே மேற்கோள் போட வேண்டுமானால் தன் செயலாளர் ஸ்டீவ் எர்லி எழுத்தில் கொடுக்க வேண்டும். அடுத்தது, ‘பேக்ரவுண்ட் இன்ஃபர்மேஷன்’. அதை நிருபர்கள் எழுதலாம். ஆனால் தங்கள் சொந்தப் பொறுப்பில், வெள்ளை மாளிகை சொன்னதாக ஒரு இடத்திலும் காட்டாமல் எழுத வேண்டும். மூன்றாவது, ‘ஆஃப் த ரெக்கார்ட்’. அது அந்த அறையில் நிற்பவர்களின் காதுக்கு மட்டும். அன்றைக்கு வராத சக நிருபரிடம்கூடச் சொல்லக் கூடாது.

ரூஸ்வெல்ட் சொன்ன பேக்ரவுண்டை நன்றாகக் கவனிக்க வேண்டும். ‘வெள்ளை மாளிகை வட்டாரம்’ என்றுகூடக் கிடையாது. ஏதோ நிருபர் தானே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி எழுத வேண்டும். இன்றைக்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் இந்த ஏற்பாட்டுக்கு பேக்ரவுண்ட் என்று பெயரில்லை. ‘டீப் பேக்ரவுண்ட்’ என்கிறார்கள். நியூஸ்வீக் பத்திரிகையின் எர்னஸ்ட் லிண்ட்லி பெயரால் ‘லிண்ட்லி விதி’ என்றும் சொல்வதுண்டு. வெறும் பேக்ரவுண்ட் என்றால் இப்போது கொஞ்சம் தளர்வு: பெயர்தான் கூடாது, ‘மூத்த அதிகாரி ஒருவர்’, ‘பேச்சுவார்த்தையில் கலந்துகொண்ட ஒருவர்’ என்று ஆளை அடையாளம் காட்டாத ஒரு விவரிப்பைப் பேசி முடிவுசெய்து போடலாம். அசோசியேட்டட் பிரஸ் தன் நிருபர்களுக்குச் சொல்லும் இலக்கணமும் ஏறக்குறைய இதுதான். ஆக, ஒரே சொல், ஒரே ஊர், ஒரே தொழில்; தொண்ணூறு வருஷத்துக்குள் பொருள் ஒரு படி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பழைய ஆள் ஒருவரும் புது ஆள் ஒருவரும் ஆளுக்கொரு அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு கைகுலுக்கிக்கொண்டால் என்ன ஆகும்?

கடல் தாண்டினால் இன்னும் குழப்பம். ‘ஆஃப் த ரெக்கார்ட்’ என்றால் அச்சிடவே கூடாது என்பது அமெரிக்க இலக்கணம். லண்டனில் அதே சொல்லை, பெயரில்லாமல் போட்டுக்கொள் என்கிற பொருளிலும் அரசியல்வாதிகள் தாராளமாகப் புழங்குகிறார்கள். அங்கே நாடாளுமன்ற நிருபர்களுக்கு ‘லாபி’ என்றொரு தனி ஏற்பாடு 1884 முதல் உண்டு. பிரதமர் அலுவலகம் அவர்களை அழைத்துப் பேசும், யார் சொன்னது என்று வராது. 1986இல் ‘தி இண்டிபெண்டண்ட்’ தொடங்கியபோது, இந்தப் பந்தியில் நாங்கள் உட்கார மாட்டோம் என்று கொஞ்ச காலம் வெளியே நின்றது. பிறகு டோனி பிளேர் காலத்தில், 1997இல்தான், ‘பிரதமரின் அதிகாரபூர்வப் பேச்சாளர்’ என்று குறிப்பிடலாம் என்றானது.

“இதெல்லாம் பெரிய இடத்துக் கதை, அங்கிள்” என்றாள். பெரிய இடம்தான். ஆனால் நம் வாசலுக்கே வந்த கதை ஒன்று இருக்கிறது என்று 1971க்குப் போனேன்.

டிசம்பர் 3 அன்று இந்தியா, பாகிஸ்தான் போர் மூண்டது. அமெரிக்கா வெளியே நடுநிலை பேசிக்கொண்டு உள்ளே பாகிஸ்தான் பக்கம் சாய்ந்திருந்தது. டிசம்பர் 7 அன்று அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் நிருபர்களைக் கூப்பிட்டு, பேக்ரவுண்ட் என்ற நிபந்தனையில் பேசினார். நாங்கள் இந்தியாவுக்கு எதிரி இல்லை, பிரச்சினையை அமைதியாகத் தீர்க்க எவ்வளவோ பாடுபட்டோம் என்பது சாரம். ‘வெள்ளை மாளிகை அதிகாரிகள்’ என்ற முகமூடியோடு அது பேப்பர்களில் வந்தது. இரண்டு நாள் கழித்து, கிஸ்ஸிங்கருக்கு வேண்டியவரான செனட்டர் பாரி கோல்ட்வாட்டர், அந்தப் பேச்சின் எழுத்துப் பிரதியை அப்படியே நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்துவிட்டார். உதவி செய்கிற எண்ணம்தான். நாடாளுமன்றக் குறிப்பில் ஏறிய பிறகு அது யார் வேண்டுமானாலும் பெயரோடு எடுத்துப் போடக்கூடிய சமாச்சாரம். நிருபர்கள் கட்டிக்காத்த ரகசியத்தை அரசியல்வாதியே கடைத்தெருவில் கொட்டினார்.

டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த கென்னத் கீட்டிங்குக்கு அந்தப் பேச்சின் விவரம் கிடைத்தது. படித்துவிட்டு, எனக்குத் தெரிந்த உண்மைகளோடு இது ஒத்துப்போகவில்லையே என்று தன் அரசாங்கத்துக்கே தந்தி அடித்தார். அந்தத் தந்தியும் ரகசியக் கூட்டங்களின் குறிப்புகளும் பத்தி எழுத்தாளர் ஜாக் ஆண்டர்சன் கைக்கு வந்து வெளியாயின. 1972இல் அவருக்குப் புலிட்சர் பரிசு அதற்காகத்தான். பெயர் போடாத பேச்சில் ஒரு வசதி உண்டு: சொன்னது பொய்யென்று தெரிந்தால் பிடித்து உலுக்க ஆள் இருக்காது. இங்கே தற்செயலாக ஆள் சிக்கினார்.

கதை இதோடு முடியவில்லை. டிசம்பர் 14. அசோர்ஸ் தீவில் பிரெஞ்சு அதிபர் பொம்பிதூவைச் சந்தித்துவிட்டு நிக்சன் திரும்புகிறார். விமானத்தில் சில நிருபர்கள் மட்டும். கிஸ்ஸிங்கர் அவர்களிடம் வந்து, மறுபடியும் பேக்ரவுண்ட் என்று சொல்லிக்கொண்டு, சோவியத் யூனியன் இந்தியாவைக் கட்டுப்படுத்தாவிட்டால் அடுத்த வருஷம் நிக்சன் மாஸ்கோ போவது பற்றியே மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும் என்றார். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவிலான மிரட்டல். அதை ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ என்று போட்டால் வாசகர் எப்படி எடை போடுவார்? ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஆசிரியர் பென் பிராட்லி, கிஸ்ஸிங்கர் என்று பெயரைப் போட்டே வெளியிட்டார். வாக்குத் தவறியதாக ஒரு தரப்பும், வாசகரை ஏமாற்றுவதைவிட இதுவே மேல் என்று இன்னொரு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டன. இன்று யோசித்தால் எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது. வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். இந்த மாதிரி விஷயத்துக்கு அந்த வாக்கையே கொடுத்திருக்கக் கூடாது. டாக்கா விழுந்தது 16ஆம் தேதி. நிக்சன் அடுத்த மே மாதம் மாஸ்கோ போனார். எதுவும் ரத்தாகவில்லை.

டீப் பேக்ரவுண்ட் என்றால் சினிமா பார்த்தவர்களுக்கு வாட்டர்கேட்தான் ஞாபகம் வரும். ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர் பாப் உட்வர்டிடம் பேசிய எஃப்பிஐ அதிகாரி மார்க் ஃபெல்ட், பெயரில்லாத மேற்கோளாகக்கூடத் தன் பேச்சு வரக் கூடாது, வேறெங்கோ கிடைத்ததைச் சரிபார்க்க மட்டும் உதவுவேன் என்று பேசியிருந்தார். அந்த டீப் பேக்ரவுண்டையும் அப்போது ஓடிய ஓர் ஆபாசப் படத்தின் பெயரையும் முடிச்சுப் போட்டு, போஸ்ட்டின் நிர்வாக ஆசிரியர் ஹோவர்ட் சைமன்ஸ் ‘டீப் த்ரோட்’ என்று பட்டப்பெயர் வைத்தார். 2005இல் ஃபெல்ட் தரப்பே பெயரை வெளியிடும்வரை, முப்பது வருஷத்துக்கு மேல் உட்வர்ட் வாய் திறக்கவில்லை. பேச்சு சுத்தமாக இருந்தால் ஏற்பாடு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இது சாட்சி.

சுத்தமில்லாத பேச்சுக்கும் ஒன்று சொன்னேன், ஏனென்றால் இவள் வேலையில் தினமும் வரப்போவது இந்த ரகம். 2003 ஜூலை 8. ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் ஜூடித் மில்லர், துணை அதிபர் டிக் செனியின் தலைமை உதவியாளர் லூயிஸ் லிபியோடு வாஷிங்டன் ஓட்டல் ஒன்றில் காலைச் சிற்றுண்டி. அதுவரை ‘நிர்வாகத்தின் மூத்த அதிகாரி’ என்று குறிப்பிடலாம் என்றிருந்த லிபி, பேச்சு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும், இதற்கு மட்டும் ‘நாடாளுமன்றத்தின் முன்னாள் ஊழியர்’ என்று போடுங்கள் என்கிறார். ஒரு காலத்தில் அவர் அங்கே வேலை பார்த்தது நிஜம். மில்லரும் சரி என்றிருக்கிறார். செய்தி வந்திருந்தால், துணை அதிபர் அலுவலகத்திலிருந்து எறிந்த கல் வேறெங்கிருந்தோ வந்த மாதிரி தெரிந்திருக்கும். நல்லவேளை, அதை வைத்து அவர் செய்தி எழுதவில்லை. இது வெளியே தெரிந்ததே 2005இல், லிபியின் பெயரைச் சொல்ல மறுத்து 85 நாள் சிறையில் இருந்துவிட்டு வந்த மில்லரே எழுதியபோதுதான். பொய் கலக்காமலே வாசகரை ஏமாற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் நான் பார்த்ததில்லை.

“இவ்வளவும் சரி, பேசி முடிச்சப்புறம் ‘இதைப் போட்டுடாதீங்க’ன்னு சொல்றாங்களே, அது?” என்றாள். இங்கே எல்லா நிருபரும் வாரத்துக்கு நாலு தடவை கேட்கிற வாக்கியம். 2008 மார்ச்சில் ஒபாமாவின் வெளியுறவு ஆலோசகராக இருந்த சமந்தா பவர், லண்டனில் ‘தி ஸ்காட்ஸ்மன்’ நிருபரிடம் ஹிலாரி கிளிண்டனை அரக்கி என்கிற மாதிரி ஒரு சொல்லால் திட்டிவிட்டு, அதே மூச்சில் இது ஆஃப் த ரெக்கார்ட் என்றார். பேட்டி ஆரம்பத்திலிருந்தே பெயரோடு என்று பேசியாகிவிட்டது, சொல்லிவிட்டுப் பிறகு விதியை மாற்ற முடியாது என்று பத்திரிகை அச்சிட்டது. அன்றைக்கே அவர் ஒபாமா அணியிலிருந்து விலகினார். விதிப்படி பத்திரிகை செய்தது சரி. ஆனாலும் நம் ஊரில் ஒரு தாசில்தாரோ இன்ஸ்பெக்டரோ வாய் தவறிச் சொன்னதற்கு நான் அந்த விதியைப் பிடித்துத் தொங்க மாட்டேன். பவர் மாதிரி பத்திரிகையாளராகவே இருந்து வந்தவருக்கு விதி தெரியும். தெரியாதவரிடம் விதி பேசுவது வேறு விஷயம்.

நம் பத்திரிகைகள் இந்தத் தரம் பிரிப்பையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு செய்யவில்லை. ‘விவரமறிந்த வட்டாரங்கள்’, ‘கோட்டை வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். வட்டாரம் என்பது ஒரே ஒரு பி.ஏ.வாக இருக்கும். ஆனால் டீப் பேக்ரவுண்டுக்கு நாம் கண்டுபிடித்த வடிவம் வேறெங்கும் இவ்வளவு ஜோராக இல்லை: ஜூனியர் விகடனில் கழுகார் பறந்து வந்து உட்கார்ந்து சொல்வார், நக்கீரனில் ராங்கால் வரும். யார் சொன்னது என்ற கேள்வியே எழாது, சொன்னது கழுகு. தகவலுக்கு ஒரு சோர்ஸா நாலு சோர்ஸா, எதிர்த்தரப்பிடம் கேட்டார்களா என்பதும் அந்த இறக்கைக்குள் மறைந்துவிடுகிறது. ரசித்துப் படிப்பவன்தான் நானும். தெரிந்துதான் படிக்கிறேன்.

அவளுடைய அதிகாரி விஷயத்துக்கு வந்தோம். போன் போட்டுக் கேட்டுவிடு என்றேன். பேக்ரவுண்ட் என்ற சொல்லையே எடுக்காமல் கேட்க வேண்டும். ‘சார், இந்தத் தகவலைப் பேப்பர்ல போடலாமா? போட்டா உங்களை எப்படிச் சொல்லட்டும், துறை அதிகாரின்னா, அரசு வட்டாரம்னா? வேற ஒருத்தர்கிட்ட இதைச் சரிபார்க்கிறப்போ கேள்விப்பட்டேன்னு சொல்லலாமா?’ மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், ஆள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். மூன்று பேர் மட்டும் இருந்த கூட்டத்தின் விஷயத்தை அந்த மூவரில் இன்னொருவரிடம் போய்க் கேட்டால், சொன்னது யார் என்று அவர் விரல் விட்டு எண்ணிவிடுவார்.

“வாட்ஸ்ஆப்லயே ‘ஆஃப் ரெக்கார்ட்’னு மேல போட்டுட்டு, கீழ ஒரு பக்கத்துக்கு அனுப்பிடறாங்க அங்கிள். படிச்சதுக்கப்புறம்தானே தெரியுது” என்றாள். அதில் வலு கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அது ஒப்பந்தம். ஒருவர் மட்டும் தலைப்பில் எழுதிக்கொண்டால் ஆகாது. ஆனால் பேசாமல் இருந்துவிட்டு மறுநாள் அச்சில் போட்டால், நீ ஒத்துக்கொண்டாய் என்று அவர் சொல்வார், அந்த சோர்ஸ் அதோடு போயிற்று. பார்த்த உடனே, ‘நான் இதுக்கு ஒத்துக்கலை சார், பேசணும்’ என்று ஒரு வரி பதில் போட்டுவிட வேண்டும். அந்த வரியையும் அழிக்காமல் வைத்துக்கொள் என்றேன். சிலர் அனுப்பியதை மறுநாள் ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ செய்துவிடுகிறார்கள்.